எல்ஃப் முடிச்சு

என் மகளின் தலையில் இருந்ததற்கு ‘எல்ஃப் லாக்’ என்று பெயர் என்பதை அவளுடைய பள்ளி ஆசிரியைதான் சொன்னார். எல்ஃப் என்பது வெள்ளைக்காரர்களின் குட்டிச்சாத்தான். தூங்குகிறவர்களின் முடியையும் குதிரைகளின் பிடரியையும் முடிச்சுப் போட்டுவிட்டுப் போகுமாம். அவிழ்த்தால் கெட்டது நடக்கும் என்று அந்தக் காலத்தில் அப்படியே விட்டுவிடுவார்களாம். இப்போது அது சும்மா சிக்குத் தலைக்குச் சொல்கிற வார்த்தை. இன்னும் நாலு நாள் விட்டால் கத்தரிக்கோல்தான் என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் வீட்டில் குட்டிச்சாத்தான் வேலை பார்த்தது நான்தான். மாமனார் படுத்த படுக்கையாகி, மனைவி மதுரைக்குப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. கிளம்பும் அன்று அவள் இறுக்கிப் பின்னிய ரெட்டைச் சடை அது. காலையில் எனக்கு, நாங்கள் இருக்கும் ஆஸ்திரேலியப் புறநகரான டார்னெய்ட்டில் ரயிலைப் பிடிக்கும் அவசரம். சாயங்காலம் சீப்பை எடுத்தால், “விளக்கு வச்சப்புறம் தலை வாராதீங்க” என்று போனில் மனைவி தடுப்பாள். குளிர்காலத்தில் இங்கே ஐந்தரைக்கே இருட்டிவிடும். சனி, ஞாயிறு பகலில் நெருங்கினால், ஆறு வயது மகள் தலையைப் பொத்திக்கொள்வாள்.

“நோ அப்பா. இது அம்மா பின்னினது.”

அந்தப் பத்து நாளில் நான் வாய் திறந்து பேசிய தமிழ் ‘சாப்பிடு’, ‘ஷூ போடு’ அளவுதான். வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம்கூடக் கேட்டது.

ஆசிரியை சொன்ன அன்று சாயங்காலம் மனைவியை வீடியோவில் கூப்பிட்டு மகளின் தலையைக் காட்டினேன்.

“உன் சாஸ்திரத்தால வந்தது. வெட்டிடட்டுமா?” என்று கத்தினேன். கோபம் அவள் மேல் இல்லை, இந்த வீட்டின் மேல்.

அவள் போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். மதுரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“இங்க இன்னும் மத்தியானம்தாங்க. என் பொழுதுல வாருங்க. எண்ணெய் வச்சு, நுனியிலேருந்து.”

மகள் தலையிலிருந்து கையை எடுத்துப் போனை வாங்கிக்கொண்டாள். “அம்மா, நீ பாத்துட்டே இரு.”

ஒரு மணி நேரம் ஆனது. கடைசி முடிச்சும் அவிழ்ந்து, சீப்பு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

“இன்னொரு தடவை வாருங்க” என்றாள் மனைவி.

சிக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கும் அது தெரிந்தது. நான் மறுபடியும் நுனியிலிருந்து ஆரம்பித்தேன்.