கிளீட்டஸ் அண்ணன் பார்த்தது

கிளீட்டஸ் அண்ணன் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் ஊர்க்காரர் அல்ல. கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர். “எங்க கோச் போயிட்டாரு” என்றார் போனில். அப்படிச் சொல்லும் உரிமை எங்கள் ஊருக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலக அணிக்குப் பல ஆண்டுகள் கால்பந்து ஆடியவர். முழங்கால் போனதும் எங்கள் கடற்கரைக்குத் திரும்பி, கடலுக்குப் போகிற எங்களைச் சேர்த்து ஓர் அணி அமைத்தார். சுனாமிக்குப் பிறகு, மைதானத்தில் கிடந்த உடைந்த வள்ளப் பலகைகளை ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டார். ஆட்டக்காரர்களில் இருவரை நாங்கள் இழந்திருந்தோம். “இருக்கவங்க ஆடுவோம் மக்கா” என்றார்.

அடுத்த ஆண்டு, மாதா கோயில் திருவிழாப் போட்டியின் இறுதி ஆட்டம். ஊரே திரண்டிருந்தது. கடைசி நிமிடத்தில் நான் ஒரு கோல் போட்டேன். கையால் தட்டிவிட்ட பந்து. நடுவர் கவனிக்கவில்லை. ஊர் குதித்தது. அண்ணன் மட்டும் என்னைக் கோட்டோரம் அழைத்தார்.

“மக்கா, கையில பட்டுச்சா?”

“இல்லண்ணே.”

என் முகத்தைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு நடுவரிடம் போய்த் தான் பார்த்ததைச் சொல்லிவிட்டார். கோல் செல்லாது என்றானது. பெனால்டியில் தோற்றோம்.

மறுநாள் ஊர்க் கமிட்டி கூடியது. எதிரணிக்குச் சாதகமாக நடந்துகொண்டார் என்று ஒரே கூச்சல். என்னைக் கேட்டார்கள். அத்தனை பேர் முன்னிலையிலும், “கையில படல்ல” என்றேன். அண்ணன் எழுந்தார்.

“அவன் இல்லன்னு சொன்னா இல்லதான். எனக்குக் கண்ணு பிசகியிருக்கும்.”

கண் தெரியாத கோச் எதற்கு என்று அவரை நீக்கினார்கள்.

அதன் பிறகு அவர் பஸ் ஏறிக் கீரிப்பாறைக்குப் போய், தோட்டத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பஸ் நிறுத்தத்தில் அவரைக் கண்டால் நான் கடைக்குள் நுழைந்துகொள்வேன். ஒருமுறை என் கால் எலும்பு முறிந்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மட்டி வாழைப்பழத்தோடு வந்தார். “அவசரப்பட்டுக் கால ஊன்றாண்டாம், என்னா?” என்றார். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். அறையில் வேறு யாருமில்லை. சொல்லியிருக்கலாம். நான் டாக்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

நேற்று அவர் வீட்டு முற்றத்தில் ஒருவர், “தங்கமான மனுசன். அன்னைக்குக் கண்ணுதான் ஏமாத்திப்போட்டுது” என்றார்.

“கண்ணு இல்ல. என் கையில பட்டுச்சு” என்றேன். எல்லோருக்கும் கேட்டது.

சவப்பெட்டியருகே இருந்த அண்ணனின் மனைவி நிமிர்ந்தார்.

“தெரியும் தம்பி. அன்னைக்கே எங்கிட்ட சொன்னாரு. ‘அவனே வந்து சொல்லுவான், நீ ஒண்ணும் கேக்காண்டாம்’ன்னாரு. ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவும், இன்னைக்குச் சொல்லுவான்னு நெனச்சுத்தான் வந்தாரு.”

பெட்டியைத் தூக்கும்போது தோள் கொடுக்கப் போனேன். தோட்டத்து ஆட்கள் சுற்றிலும் பிடித்திருந்தார்கள், இடமில்லை. கல்லறைத் தோட்டம்வரை பின்னால் நடந்தேன்.

போய் வாருங்கள் அண்ணே. ஊருக்குச் சொல்லிவிட்டேன். உங்களுக்குத்தான் சொல்லவில்லை.