சந்தனம் பூசிய ஃபிளாப்பி

இன்று காலை மகளின் மடிக்கணினி திறக்கவே இல்லை. கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய ப்ராஜெக்ட் முழுவதும் அதற்குள். அவள் பதறாமல் ஒரு பென் டிரைவைச் செருகி, எதையெதையோ தட்டி, மதியத்துக்குள் மீட்டுவிட்டாள். புருவத்தைச் சுருக்கி அவள் உட்கார்ந்திருந்த விதம் அசல் என் அம்மா.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. கூடுவாஞ்சேரி வீட்டின் முன்னறையில் அம்மா ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, அச்சகங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுத்துவந்தாள். அப்பாவுக்கு அதில் அரை மனதுதான். என்றைக்குப் பழுதாகிறதோ அன்றைக்கே விற்றுவிட வேண்டும் என்று சொல்லித்தான் வாங்க விட்டிருந்தார்.

அந்த ஆயுத பூசையின்போது திரையில் இருந்தது அத்தையின் கல்யாணப் பத்திரிகை. அப்பாவின் தங்கைக்கு வெகுநாள் தட்டிக்கொண்டே போய், திருவிடந்தைப் பெருமாள் கோயிலை மாலையோடு சுற்றிவந்த பிறகு அமைந்த சம்பந்தம். இரு வீட்டு உறவுகளின் பெயர்களையும் ஒருவர் மனமும் கோணாத வரிசையில் அடுக்க அம்மா படாதபாடு பட்டிருந்தாள். மறுநாள் அது அச்சுக்குப் போக வேண்டும்.

பூசை ஏற்பாடு சித்தப்பாவுடையது. தன் லாரிச் சாவி, அரிவாள்மனை, என் ஜியாமெட்ரி பாக்ஸ், அம்மாவின் ஃபிளாப்பிகள் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். உள்ளே மிக்ஸியில் அம்மா தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா சாமி படத்தைச் சுற்றிய சீரியல் பல்புகளுக்கு பிளக் செருக கம்ப்யூட்டர் மேசைப் பக்கம் இடம் தேடினார். பல்புகள் மினுங்கின. நான் கை தட்டினேன்.

அம்மா திரும்பி வந்தபோது திரை இருண்டிருந்தது.

"கரண்டு பூட்ச்சு அண்ணி. இப்பதான் வந்துது" என்றார் சித்தப்பா.

அம்மா பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் ஒற்றை ஆங்கில வரி வந்து நின்றது. மறுபடி அழுத்தினாள். அதே வரி.

"சாமிக்குப் படைக்கிற நாள்ல வேல வாங்கினா பொட்டி படுத்துக்காதா, இன்னா?" என்றார் சித்தப்பா.

அத்தை அழ ஆரம்பித்தாள். "நாளைக்கே வித்துடு" என்றார் அப்பா. அம்மா பூசைத் தட்டிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்தாள். பயிற்சி நிலையத்தில் கொடுத்தது. பெட்டி தானாக எழாதபோது எழுப்புவதற்கென்று அவள் பத்திரப்படுத்தியது.

"படைச்சதத் தொடக் கூடாது அண்ணி."

"சாமிக்குக் கோவம்னா என்னாண்ட சொல்லட்டும், தம்பி."

சந்தனம் காய்ந்து ஃபிளாப்பியின் தகடு நகரவில்லை. கொண்டை ஊசியால் சுரண்டி, முந்தானையால் துடைத்து, ஊதி உள்ளே தள்ளினாள். பெட்டி கரகரத்தது. கறுப்புத் திரையில் அவள் ஒவ்வொரு வரியாகத் தட்டுவதும் காத்திருப்பதுமாக இருக்க, பூசைக்கு ஏற்றிய கற்பூரம் கவனிப்பாரில்லாமல் அணைந்தது. பத்திரிகை கிடைத்ததும் முதலில் அதை இன்னொரு ஃபிளாப்பியில் பிரதி எடுத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் பெட்டியைச் சரிசெய்யப் போனாள். கடைசியில் அது தானாகவே எழுந்தது. திரையில் தன் பெயரைப் பார்த்த அத்தை சிரித்துக்கொண்டே மறுபடி அழுதாள்.

செத்த கம்ப்யூட்டரை என் அம்மா பிழைக்க வைத்ததைப் பள்ளியில் நான் சொல்லாத ஆள் இல்லை.

"எப்படி ஆச்சு?" என்று அன்று சுண்டல் சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"கரண்டு திடீர்னு போனா இதுக்கு ஆவாது" என்றாள் அம்மா. பிறகு சித்தப்பா பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் சுண்டல் வெக்கட்டுமா, தம்பி?" என்றாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நல்ல பசி என்று நினைத்துக்கொண்டேன். சில நாளில் அவரே ஒரு யுபிஎஸ் வாங்கிவந்து மாட்டியபோது, அவருக்கும் கம்ப்யூட்டர் பிடித்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

அன்று அம்மாவின் மிக்ஸி ஒரு நொடிகூட நிற்கவில்லை என்பது எனக்கு உறைக்க வெகு காலம் ஆனது. அம்மாவுக்கு அது அப்போதே தெரியும்.