காற்று நின்ற நேரம்

விக்டோரியாவின் அம்மா ஆரம்பாக்கத்தில் ஊரார் வயலில் நாற்று நட்டவள். விக்டோரியா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பன்னிரண்டு வருடமாக பிளாஸ்டிக் வாளி அடுக்குகிறாள். மகள் ஜெனிபரோ இந்துமாக்கடல் தீவு ஒன்றில், பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் தனியார் கல்லூரியில் டாக்டருக்குப் படிக்கிறாள்.

அன்று அந்தத் தீவைப் புயல் நெருங்கியிருந்தது. செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வது கம்பெனிச் சட்டம். கெஞ்சியும் செக்யூரிட்டி மசியவில்லை. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் ஓடிவந்து வாங்கினாள். பதினொன்றரைக்கு ஜெனிபர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருந்தது.

"காத்து நின்னுடுச்சிம்மா. ஹாஸ்டல்ல எல்லாம் வெளிய போய்ப் பாக்கலாம்னு கெளம்பிக்கினு கீறாங்க."

விக்டோரியா அந்த அமைதியை நம்பவில்லை. எண்ணூரில் குடியிருந்தபோது வர்தா புயல் இப்படித்தான் நடுவில் அடங்கி, பிறகு எதிர்ப்பக்கமிருந்து அடித்தது. அந்த அமைதியில் தெருவுக்கு ஓடிய சின்ன ஜெனிபரைக் கன்னத்தில் ஓர் அறை விட்டு உள்ளே இழுத்துவந்தவள் அவள்தான். இப்போது எச்சரிக்க இரண்டரை மணி நேரம் தாமதம். போன் போட்டாள், லைன் போகவில்லை. "பாழாப்போன கம்பெனி!" என்று கேட்டை எட்டி உதைத்தாள்.

"அக்கா, கீழ இன்னொன்னு கீது பாரு," என்றான் உடன் வேலை செய்யும் அன்பு.

"நான் கதவாண்ட நின்னுக்கினு ஒருத்தரையும் வுடலம்மா. நீ வுட்ட அறை ஞாபகம் வந்துச்சி. அவங்கவங்க பாஷையில என்னைத் திட்டுறாங்க."

அந்தக் குரலுக்குப் பின்னால் காற்று மறுபடி ஊளையிடத் தொடங்கியிருந்தது. அதன் பிறகு எந்தச் செய்தியும் இல்லை.

இனி அந்தக் கதவு தாங்க வேண்டும்.