நாகப்பன் படுத்திருக்கும் இடம்

மண்ணூரில் கங்காவின் நிலத்தைக் குள்ளமேடு என்று சொன்னால்தான் தெரியும். நிலத்தின் நடுவே இடுப்பளவு உயர மேடு, அதைச் சுற்றி வட்டமாகப் பெரிய பெரிய கருங்கற்கள். ஒரு காலத்தில் முழ உயர மனிதர்கள் அங்கே குடியிருந்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு. அவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்டதில்லை. நிலத்தை விற்றுவிட்டுப் போயிருப்பார்கள் என்று இந்தக் காலத்தில் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கங்கா இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனி கேண்டீனில் தட்டுக் கழுவுகிறாள். முதல் ஷிப்ட் முடித்து வந்ததும் ஆடுகளை மேட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போவாள். மேட்டுக்குக் கிழக்கே தனியாக ஒரு கல் நிற்கும். அதன் அருகில் உட்கார்ந்து புருஷன் நாகப்பனிடம் பேசுவாள். நாகப்பன் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்த காலத்தில் அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. அவன் இன்னொரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி, பெரும்பாலும் இரவு ஷிப்ட். இவள் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பும்போது அவன் வந்து படுப்பான். இவள் வரும்போது அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பான். இப்போது அவன் எங்கேயும் போவதில்லை, குறுக்கேயும் பேசுவதில்லை. கங்காவுக்கு அது ஒரு விதத்தில் வசதியாகவே இருந்தது.

அவனை அங்கே புதைத்ததற்குக் காரணம் உண்டு. ஊர் இடுகாட்டுக்குப் போகும் பாதையை மறித்து ஒரு கம்பெனி மதில் எழுந்துவிட்டது. சுற்றிப் போவதென்றால் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் பாடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஐப்பசி மழை வேறு விடாமல் ஊற்றியது. அண்ணனை நம் நிலத்திலேயே வைத்துவிடலாம் என்றான் நாகப்பனின் தம்பி அப்பாவு. வைத்தார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை. நிலம் கங்காவுடையது, பட்டாவும் அவள் பெயரில்தான். ஆனால் பிணம் போன மாத்திரத்தில் அது இடுகாடாகிவிட்டது, ஆகவே அவளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். பால் தெளிக்கவும் ஆண்களே போனார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவள் போய்ப் பார்த்தாள். மழை எல்லாவற்றையும் வழித்துச் சமமாக்கியிருந்தது. நேராக அப்பாவு வீட்டுக்குப் போய் எந்த இடம் என்று கேட்டாள். அப்பாவு அன்று நிதானத்தில் இல்லை. அதற்குப் பிறகும் அதிகம் இருந்ததில்லை. கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டிக் காட்டினான். கை போன திசை கிழக்கு. கங்கா பக்கத்து நிலத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, மேட்டு வட்டத்திலிருந்து ஒரு கல்லைக் கடப்பாரையால் நெம்பி உருட்டி, கிழக்கே கொண்டுபோய்த் தலைமாட்டில் நிறுத்தினாள். குள்ளர்களின் கல்லைத் தொடக் கூடாது என்பார்கள். அவர்களுக்குத்தான் இத்தனை கல் இருக்கிறதே, ஒன்று போனால் என்ன என்று அவள் நினைத்தாள்.

இந்த வருஷம் மாசியில், பக்கத்தில் கிடங்கு கட்ட அஸ்திவாரம் தோண்டியவர்களுக்குப் பழைய பானைகள் கிடைத்தன. பின்னாலேயே குள்ளமேட்டை ஆராய ஒரு குழு வந்தது. அதற்குத் தலைவி சசிரேகா. வெயிலில் கறுத்த, சிரிக்கும்போது மட்டும் இளமையாகத் தெரியும் பெண். கங்கா அனுமதி கொடுத்தாள். கேண்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு, சொந்த நிலத்தில் கூலிக்கு மண் சுமக்கவும் சேர்ந்துகொண்டாள். இவர்கள் எங்கே தோண்டுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? கிழக்குப் பக்கம் போகாதவரை அவளுக்கு ஆட்சேபம் இல்லை. நாகப்பன் அங்கே இருப்பதை அவள் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. இடுகாட்டுக்கு வெளியே புதைத்தது அதிகாரிகளுக்குத் தெரிந்தால் எடுத்து மாற்றச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். எங்கே மாற்றுவது? போகத்தான் பாதை இல்லையே.

வட்டத்துக்குள் தோண்டியதில் குள்ளர்கள் யாரும் கிடைக்கவில்லை. வரிசையாகக் குட்டைக் கால்கள் வைத்த சுட்டமண் தொட்டி ஒன்று கிடைத்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி மாதிரி இருந்தது. உள்ளே கொஞ்சம் எலும்பு, ஒரு இரும்புக் கத்தி. சுற்றிலும் கறுப்பும் சிவப்புமாகப் பானைகள். எழுத்து என்று ஒன்று இந்தப் பக்கம் வருவதற்கு முன்னால் இறந்துபோன யாரோ, ஆணா பெண்ணா என்று இப்போது சொல்ல முடியாது என்றாள் சசிரேகா. பானையில் என்ன வைத்திருந்தார்கள் என்று கங்கா கேட்டதற்கும், தெரியாது, மண்ணைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது. கங்காவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஊரில் யாரும் தெரியாது என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

அடுத்த வாரம் சசிரேகாவின் கண் கிழக்கே நின்ற கல்மேல் விழுந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முகம் மலர்ந்தது. இங்கே இன்னொரு வட்டம் இருந்திருக்க வேண்டும், மற்றக் கற்கள் போய் இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்று மாணவர்களுக்கு விளக்கினாள். முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டச் சொன்னாள். கங்கா மண் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அங்கே நல்ல பாம்பு இருக்கிறது என்றாள். மாணவர்கள் ஆசையாகக் குச்சி எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார்கள். அது உவர் மண், ஒன்றும் தேறாது என்றாள். பயிர் வைக்கப் போவதில்லையே என்று சசிரேகா சிரித்தாள்.

மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வந்தவர்கள், கங்கா கல்லின்மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். சசிரேகா எழுந்திருக்கச் சொன்னாள். கங்கா எழுந்திருக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரர இங்கதான் பொதச்சிக்கீது மேடம். கல்லு அந்த வட்டத்துலேர்ந்து நான் எடுத்தாந்து வெச்சது. வேற வட்டம்லாம் ஒண்ணும் கெடையாது."

சசிரேகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது வட்டம் என்று முந்தின நாளே பல பேருக்குப் போனில் சொல்லியாகிவிட்டது. பிறகு பக்கத்திலிருந்த முளைக்குச்சியைத் தானே பிடுங்கினாள்.

"அவர் பக்கமே போக மாட்டோம், கங்காம்மா. மேடு தாண்டி மேற்கால தோண்டிக்கிறோம்."

கயிற்றை அவிழ்த்தார்கள். கங்கா கல்லிலிருந்து இறங்கி மண் கூடையை எடுத்துக்கொண்டாள். அன்று அவள் சுமந்த அளவு மண்ணை வேறு யாரும் சுமக்கவில்லை. மேற்கே, மேட்டுச் சரிவில், தானே மண்வெட்டியைப் பிடுங்கி வெட்டினாள். மண் பொலபொலவென்று வந்தது. முழங்கால் ஆழம் போனபோது சசிரேகா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

கெட்டியான செம்மண்ணுக்கு நடுவே, ஆள் நீளத்துக்கு, கறுப்பும் சிவப்பும் கலந்த இளகிய மண் தனியாகத் தெரிந்தது. சசிரேகா குனிந்து தூரிகையால் ஓரத்தைத் தள்ளினாள். இது பழசே இல்லை, சில வருஷங்களுக்கு முன்னால் யாரோ வெட்டி மூடிய குழி என்றாள். தூரிகையில் ஒரு நீல ரிப்பன் துண்டு சிக்கியது. நாகப்பன் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து வந்த மாலையில் நீல ரிப்பன் கட்டியிருந்தார்கள். பாடைமேல் அதை வைத்தது கங்காதான். அவள் மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அப்பாவுவைக் கூப்பிட ஆள் போயிற்று. வந்தவன் குழியைப் பார்த்தான், கிழக்கே கல்லைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். இங்கேதான் வைத்தோம் என்று ஒப்புக்கொண்டான்.

"அன்னிக்கி படுத்துக்கினே கைய காட்னேன் அண்ணி. கட்டில்ல எந்தப் பக்கம் தல வெச்சி படுத்திருந்தேன்னு நெனப்பில்ல."

அவனைத் திட்டக் கங்காவுக்கு அன்று தெம்பில்லை. சசிரேகா குழியை மூடச் சொன்னாள். வெட்டி எடுத்ததைவிடப் பதமாக, கைகளால் அள்ளி அள்ளி மாணவர்கள் மண்ணைத் திரும்பப் போட்டார்கள். கிழக்கே இருக்கும் கல்லை அதன் பழைய இடத்திலேயே வைத்துவிடலாமா என்று சசிரேகா தயங்கிக் கேட்டாள். எடுத்துக்கொள்ளுங்கள், அது அவர்களுடையது என்றாள் கங்கா.

எல்லோரும் கல்லை உருட்டப் போன பிறகு அவள் புது மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் கோபம்தான் வந்தது.

"இத்தினி வருசமா நான் அந்தாண்ட உக்காந்து தொண்ட கிழிய பேசிக்கினு கீறேன். நீ இந்தாண்ட கம்முனு படுத்துக்கினு கீற."

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மகள் ஜோதிக்குக் கல்யாணம் ஆனது இவனுக்குத் தெரியாது. பேரன் பிறந்தது தெரியாது, அவனுக்கு இவன் மூக்கு என்பதும் தெரியாது. கொரோனாவில் கேண்டீனை மூடி அவள் கஞ்சி குடித்த மாதங்கள் தெரியாது. ஒன்பது வருஷத்தில் அவள் சொன்ன ஒரு வார்த்தைகூட இவனிடம் வந்து சேரவில்லை. கங்கா வாய்விட்டு அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை.

அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.