காற்று வராத ஞாயிறு

ஒவ்வொரு வருடமும் சித்திரை பிறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கோழிக்கறி கொதிக்கும். அன்றைக்குத்தான் என் கணவரும் அவர் சிநேகிதர்கள் இருவரும் படகை ஆற்றிலிருந்து இழுத்துக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு வருவார்கள். அந்த வருடத்துக்குக் கடல் முடிந்தது என்று அர்த்தம். கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்றால் பொழுது சாயும்வரை பேச்சுதான். எந்த ஞாயிறு எங்கே போனோம், எங்கே தரை தட்டியது, எந்தத் துடுப்பு எப்படி ஒடிந்தது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

லிங்கி ஆற்றுக்குப் பக்கத்திலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கணவர் கணக்கு எழுதும் கிராணி. மற்ற இருவரில் ஒருவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர், இன்னொருவர் ரப்பர் பால் லோரி ஓட்டுபவர். படகு இவர்களுடையது இல்லை. ஆற்றின் கீழ்ப்பக்கத்தில், கம்பம் என்று சொல்லும் மலாய்க் கிராமத்தில் ஒரு மலாய் மீன்பிடிக்காரர் இருந்தார். முழங்கால் வலியில் கடலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டவர். பாய் கட்டிய தன் சிறிய சம்பான் படகை ஞாயிறுகளில் இவர்களுக்கு விட்டுக்கொடுப்பார். பதிலுக்கு டிரசர் அவர் முழங்காலைப் பார்த்துக்கொள்வார்.

தைப்பொங்கலுக்குப் பிறகு ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டத் தொடங்கும். பால் குறையும், வேலையும் இளைக்கும். அந்த மாதங்களில் காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். ஒரு காற்றில் போய் மறு காற்றில் வந்துவிடலாம். சித்திரை வந்துவிட்டால் சாயங்காலம் இடியும் சூறைக்காற்றும் தொடங்கிவிடும், பிறகு போகக் கூடாது. எனக்கு இதெல்லாம் அவர்கள் பேச்சைக் கேட்டே தெரியும். கடலை நான் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன்.

அது மலாயாவில் அவசர காலம், வெள்ளைக்காரனை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து சண்டை போட்ட சமயம். தொழிலாளர்களின் லயத்து வீடுகளையும் எங்கள் குவாட்டர்ஸையும் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். விடிந்தால் கேட்டைத் திறப்பார்கள், இருட்டும் முன்னால் சாத்திவிடுவார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டு போக விடமாட்டார்கள். கடையில் சாடின் மீன் வாங்கினால் டின்னைக் குத்தித் திறந்துதான் கையில் கொடுப்பார்கள். அதனால் இந்த மூன்று பேரும் வெறும் தண்ணீர்க் குடத்தோடு கடலுக்குப் போய், கண் குழிந்து திரும்புவார்கள்.

“மீன் பிடிக்கவும் போகல, சரக்கு ஏத்தவும் போகல. பட்டினி கிடந்துட்டு சும்மா போயிட்டு வர்றதுக்கு ஒரு படகா?” என்பாள் டிரசரின் மனைவி.

“சும்மா போறதுக்குத்தான் லா படகே,” என்பார் லோரி டிரைவர்.

அவர்தான் பேச்சில் மன்னன். ஆற்றுவாயில் தென்பட்ட முதலை அவர் வாயில் ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் வளரும். டிரசர் குறுக்கே வந்து திருத்துவார். “முதலையாவது மண்ணாவது. மிதந்து வந்த கட்டைங்க அது. கட்டையைப் பார்த்து இவரு பாய்க்கயித்த விட்டுட்டாரு, பாய் வந்து என் தலையில அடிச்சிச்சு.” என் கணவர் எலும்பைச் சப்பிக்கொண்டு சிரிப்பார், அவ்வளவுதான்.

பேச்சு நடக்கிறதென்று தெரிந்தால் லயத்திலிருந்து ஆட்கள் வந்துவிடுவார்கள். பால்வெட்டுப் பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். வேலிக்குள்ளேயே விடிந்து வேலிக்குள்ளேயே அடைகிற ஜனங்கள் கடலை அப்படிக் கேட்டார்கள். டிரைவர் கையை அகல விரித்து, கரை கண்ணில் படாமல் போய்விட்ட ஒரு காலை நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்.

“அங்க எத்தன மணிக்கு கேட்டு சாத்துவாங்க?”

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். டிரைவர் விரித்த கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். “அங்க கேட்டு இல்ல ஆயா,” என்றார்.

நான் சொல்ல வந்தது காற்று வராமல் போன ஞாயிற்றைப் பற்றி.

அந்த வருடம் மாசி முடியப் போகும் நேரம். வழக்கம்போல விடிந்ததும் மூவரும் போனார்கள். பிற்பகலில் நான் துணி எடுக்கப் போனபோது கொடியில் எதுவும் அசையவில்லை. காற்று இல்லையே என்று நினைத்தேனே தவிர அதற்கு மேல் நினைக்கவில்லை. வெயில் சரிந்தும் அவர்கள் வரவில்லை. கேட்டுக்குப் போனேன். டிரசரின் மனைவி எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

காவலுக்கு இருந்தவன் ஒரு மலாய் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். இளவயசுக்காரன், கொஞ்சம் தமிழ் பேசுவான். சாத்துகிற நேரம் வந்ததும் ரோட்டை ஒரு தரம் பார்த்தான், எங்களை ஒரு தரம் பார்த்தான். வேண்டுமென்றே மெதுவாகத்தான் சங்கிலியைச் சுற்றினான்.

“அம்மா, பூலாங் லா. வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வருவாங்க.”

“எப்படி வருவாங்க?” என்றாள் டிரசரின் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பி, வேறு யாருக்கும் கேட்காத குரலில், “அந்தாளுக்கு நீச்சல் தெரியாதுடி,” என்றாள்.

என் கணவருக்கு நீச்சல் தெரியுமா என்று அந்த நிமிடத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதைக் கேட்கவே இல்லை என்று தோன்றியது.

எங்கள் முதுகுக்குப் பின்னால் வேறு பேச்சு தொடங்கியிருந்தது. மூன்று ஆண்பிள்ளைகள், அதில் ஒருவர் மருந்து தெரிந்தவர், ஒருவர் லோரி ஓட்டத் தெரிந்தவர். காட்டுக்குப் போய்விட்டார்களோ? வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர் அதை வாய்விட்டே சொன்னார். கடலில் மூழ்கிப் போனார்கள் என்பதைவிடப் பயங்கரமான சொல் அது. டிரசரின் மனைவி அன்று என் வீட்டிலேயே படுத்தாள்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குப் போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். முகமெல்லாம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்திருந்தது. பின்னாலேயே அந்த மலாய்க்காரர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். முழங்கால் வலியோடு போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் மிதித்துப் போய், இவர்களுக்காகச் சாட்சி சொல்லிவிட்டு வருகிறாராம்.

ஸ்டேஷனில் காலை முழுவதும் விசாரணை. அதிகாரி கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். படகில் வலை இல்லை, தூண்டில் இல்லை, சாமான் இல்லை. பிறகு எதற்காகப் போனீர்கள்? கடைசியில் மலாய்க்காரர்தான் கையைப் பிசைந்துகொண்டு சொன்னாராம், “சாஜா சாஜா லா, துவான்.” சும்மாதான், ஐயா. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாராம். தோட்டத்துத் துரை மட்டும் சிரிக்கவில்லை. அந்த வருடம் இனி படகு கிடையாது என்று சொல்லிவிட்டார். ஆகவே சித்திரைக்குக் காத்திருக்காமல் அடுத்த ஞாயிறே படகைக் கவிழ்த்துப் போட்டார்கள். நானும் அன்றைக்கே கோழி அடித்தேன்.

அன்று வாசலில் நின்ற கூட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த மண்டோரும் வந்திருந்தார்.

டிரைவர்தான் ஆரம்பித்தார். பாய் தொங்கிப் போனது, இருந்த இரண்டு துடுப்பில் ஒன்று முந்தின மாதமே ஒடிந்துபோயிருந்தது, ஆற்றுத்தண்ணி வடிந்து படகைக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. ஒற்றைத் துடுப்பால் போட்டால் படகு முன்னே போகவில்லை, நின்ற இடத்திலேயே சுற்றியது. “செக்கு மாடு மாதிரி சுத்தினோம்!” டிரசர் தன் பங்கைச் சொன்னார். குடத்துத் தண்ணியை டிரைவர் பாதிப் பகலிலேயே குடித்துத் தீர்த்துவிட்டாராம். கடைசியில் தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கியபோதுதான் ஆற்றுக்குள் வர முடிந்தது. அதற்குள் ஊரடங்கு. இருட்டில் ரோட்டில் நடந்தால் சுட்டுவிடுவார்கள். மலாய்க்காரர் வீட்டில் பழைய பாயை விரித்துப் படுத்துவிட்டு, விடிந்ததும் தாங்களாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நின்றிருக்கிறார்கள்.

ஜனங்கள் உச்சுக் கொட்டினார்கள், சிரித்தார்கள். டிரைவர் கோப்பியை ஆற்றிக் குடித்தார். அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காமல் என் கணவர் வாயைத் திறந்தார்.

“ஒரு எலை இருந்துச்சு,” என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நம்ம ரப்பர் எலைதான். செவப்பா. ஆத்துல விழுந்து அவ்வளவு தூரம் வந்திருக்கு. படகுக்குப் பக்கத்துல, கை நீட்டினா எட்டுற தூரத்துல கெடந்துச்சு. பொழுது சாயற வரைக்கும் அதும் போகல, நாங்களும் போகல. தண்ணி அப்பிடி இருந்துச்சு, எண்ண தடவின தட்டு மாதிரி. வானம் எது தண்ணி எதுன்னு தெரியல. இவங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அது ரொம்ப தூரத்துல கேட்டுச்சு.”

கையிலிருந்த எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

“பயமே இல்ல. இப்பிடியே இருந்துட்டா நல்லதுன்னு தோணிச்சு.”

ஒரு குழந்தை மட்டும் அழுதது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரமல்லவா அது? இந்த மனுஷன் அந்த நேரத்தில் ஓர் இலையைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருந்திருக்கிறார். கரண்டியைச் சட்டியில் போட்டேன். போட்ட சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. அந்தத் தட்டைத் தண்ணீரை நானும் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

“அடுத்த வருசம் நானும் வரேன்,” என்றேன்.

டிரசர் சிரித்தார். “தங்கச்சி, அங்க வெயில்ல மண்டை காஞ்சிரும்.”

“காயட்டும்.”

“இவ போனா நானும் போவேன்,” என்றாள் டிரசரின் மனைவி. “இவரு முழுகுனா தூக்குறதுக்கு ஆள் வேணும்ல?”

டிரைவர் எழுந்து நின்று எங்கள் இருவருக்கும் சலாம் போட்டார். என் கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்று சாயங்காலம் கோப்பி டம்ளர்களை அவர்தான் கழுவினார்.

அடுத்த தை மாதம் துரை மனம் இளகினார். கேட்டில் பெண்களைச் சோதிப்பதற்கென்று ஓர் அம்மாள் இருப்பாள். என் முந்தானையை உதறிப் பார்த்துவிட்டு, “எங்க போறீங்க கிராணியம்மா?” என்றாள். “சும்மா,” என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படகில் ஏறும்போது சேலை முழங்கால்வரை நனைந்தது. ஆற்றில் இரண்டு பக்கமும் பாக்காவ் என்னும் சதுப்புநில மரங்கள் வேரை ஊன்றிக்கொண்டு பின்னால் போயின. சேற்றின் வாசனை மெல்ல மாறி உப்பாகியது. ஆற்றுவாய் தாண்டியதும் படகு ஏறி இறங்கியது. நான் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் வெறும் புளித்த தண்ணீர்தான் வந்தது. என் கணவர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். மற்றவர்கள் எதிரில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு மெல்லத் தணிந்தது. திரும்பிப் பார்த்தேன். தோட்டம், வேலி, கேட்டு, என் வீடு, பால் ஸ்டோர் எல்லாம் சேர்ந்து ஒரு பச்சைக் கோடாகியிருந்தன. அதில் என் வீட்டைத் தேடித் தேடிக் களைத்துவிட்டேன். பிறகு தேடுவதை நிறுத்தினேன். கரைக்காற்று ஓய்ந்து, பாய் தளர்ந்து, படகு நின்றது. தண்ணீர் அவர் சொன்னதுபோலத்தான் இருந்தது. எங்கள் ஐந்து பேர் முகமும் அதில் தெரிந்தது. டிரைவர்கூடத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு பறவை வந்து பாய்மர உச்சியில் உட்கார்ந்தது. நான் அண்ணாந்து அதைப் பார்த்தேன், அது எங்களைச் சட்டை செய்யவே இல்லை. இன்றைக்குக் காற்று வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

காற்று வந்துவிட்டது. முதலில் தூரத்தில் தண்ணீர் கறுத்தது. பிறகு பாய் ஒரு தரம் படபடத்து நிமிர்ந்தது. பொழுது இருக்கும்போதே வீடு வந்து சேர்ந்து உலை வைத்தேன்.

அந்தச் சித்திரைப் பேச்சில் நாங்கள் இருவரும் சமையலறையை விட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். பால்வெட்டுப் பெண்கள் ஆண்களை விட்டுவிட்டு எங்களையே கேட்டார்கள். குளிருமா, ஆழம் தெரியுமா, ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆண்கள் ஒருநாளும் சொல்லாததையெல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம்.

இன்னும் இரண்டு வருடம்போல அந்தப் படகு ஓடியது. ஒரு நாள் ஆற்றுவாய்ப் பாறையில் மோதி அடிப்பலகை பிளந்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீர்தான். பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு டிரைவர் கரைக்கு நடந்து வந்தாராம். டிரசர் நடக்க மாட்டேன் என்று படகையே பிடித்துக்கொண்டு நின்றாராம், நீச்சல் தெரியாது என்று. அந்த மலாய்க்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. பலகைகளை எடுத்துக் கோழிக்கூடு கட்டிக்கொண்டார்.

பிறகு நாங்கள் ரெம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாறிப் போனோம். அங்கே பக்கத்தில் கடலும் இல்லை, பெரிய ஆறும் இல்லை. டிரசர் குடும்பம் பின்னால் பாரோயில் வீடு வாங்கிக் குடியேறியது. சித்திரை வந்தால் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கோழிக்கறி இருக்கும், பேச்சும் இருக்கும். இப்போது அவர் மனைவிதான் அதிகம் பேசுவாள். வாந்தி எடுத்தது நானல்ல, என் கணவர்தான் என்று எல்லோரிடமும் சொல்லுவாள். அவரும் மறுக்க மாட்டார்.

“ஆமா லா,” என்பார், எலும்பைச் சப்பிக்கொண்டு. “ரொம்ப எடுத்தேன்.”