அசுரனுக்கு வைத்த முகம்

நான் கல்தச்சன். என் முப்பதாவது வயதில், பிள்ளையார்பாளையத்துக்கு அப்பால் ஏரிக்கரை வெட்டவெளியில் நிறுத்துவதற்காக, மகிஷனை வதைக்கும் துர்க்கையை இரண்டு ஆள் உயரத்தில் ஒரே கல்லில் செய்தேன்.

செதுக்குவதற்கு முன் அந்தக் கல்லை உருளைக்கட்டைகள் மேல் இழுத்து வந்தவர்கள் சேரிக்காரர்கள், எண்பது பேர். கரைச் சரிவில் ஏறும்போது வடம் அறுந்தது. கல் பின்னால் நழுவி, முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவன் காலில் ஏறி நின்றது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. கடப்பாறையால் கல்லை நெம்பும்வரை அவன் அலறினான். நான் கை கொடுக்கப் போகவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் அவன் காலை எடுத்துவிட்டார்கள். நானோ, வெட்டுண்ட எருமைக் கழுத்திலிருந்து வெளிவரும் அசுரனுக்கு அந்த முகத்தை வைத்தேன். பிளந்த வாய், புடைத்த நரம்பு, மேலே செருகிய கண்கள். யாரிடமும் சொல்லவில்லை.

சிலைக்குக் கண் திறந்த அன்று நல்ல கூட்டம். அசுரனிடம் தன் சாயல் இருப்பதாக யாரோ சொல்ல, கால் போனவன் கோலூன்றி வந்திருந்தான். சேரிக்காரர்களை மறிக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய் அசுரனின் கன்னத்தைத் தொட்டான்.

"சேரிக்காரன் தொட்டுட்டான்பா!"

"நாங்க இஸ்துக்கினு வந்த கல்லுதானே சாமி!" என்றான். அவன் கோலையே பிடுங்கி அவனை அடித்தார்கள். பல் தெறித்தது. விழுந்தவனை மிதித்தார்கள்.

நான் குறுக்கே பாய்ந்தேன். "வுடுங்கபா! அது அவன் மூஞ்சிதான்! அவனப் பாத்துதான் செஞ்சேன்!"

ஒரு கணம் எல்லாரும் நின்றார்கள். பிறகு ஒருவன், "அம்மா சிலையில இவன் மூஞ்சியையா வெச்சே?" என்று கேட்டு என் வலது மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். இன்னொருவன் என் சுத்தியலை எடுத்து அசுரனின் முகத்தைச் சில்லுச் சில்லாக உடைத்தான்.

மாட்டுவண்டியில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேட்டான்:

"ஏன் ஆசாரி, என் மூஞ்சிய இன்னாத்துக்கு வெச்சீங்க?"

"வலி கல்லுல தெரியணும்னுதான்பா."

"அப்ப, நான் கத்தறப்போ பாத்துக்கினு இருந்தீங்க."

நான் மாட்டைத் தட்டி விரட்டினேன்.

அவன் பிழைத்துக்கொண்டான். என் மணிக்கட்டு கோணலாகக் கூடியது. மறு வருஷம், அசுரனுக்கு வேறு முகம் செய்து பொருத்தித் தரும்படி என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். இடது கையால் செய்திருக்கலாம். போகவில்லை.