பச்சை காட்டிய நிரல்

திருநின்றவூரில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் பத்மா தன் தாயார் ஜெகதாம்பாளுடனும் தம்பி தேவாவுடனும் வசிக்கிறாள். அவள் தந்தை கூலிக்கு நாற்று நட்ட வயல்களெல்லாம் மனைகளாகிவிட்டன. பிள்ளைகள் இருவரும் மின்சார ரயிலேறி அம்பத்தூரில் உள்ள ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு வேலைக்குப் போகிறார்கள். தேவாவுக்குக் கம்ப்ரசர் அறையில் வேலை. கிடங்கைக் குளிர்விக்கும் அமோனியா அந்த அறையின் குழாய்களில்தான் ஓடுகிறது. அது சிறிது கசிந்தால் கண் எரியும்; மிகுந்தால் மூச்சு நின்றுவிடும்.

பத்மா அலுவலகத்தில் இருக்கிறாள். காற்றில் அமோனியா எவ்வளவு என்று அளக்க, கிடங்கெங்கும் பொருத்தியுள்ள சென்சார்கள் மணிக்கொரு கோப்பு எழுதி ஒரே கோப்புறைக்கு அனுப்பும். முன்பெல்லாம் அவள் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, எண்களை அட்டவணைக்கு மாற்றுவாள். பொழுது முழுவதும் அதற்கே சரியாகப் போய்விடும். பிறகு ரயிலில் போகும்போதும் வரும்போதும் கைப்பேசியில் பாடம் பார்த்துக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். அவள் எழுதிய நிரல் புதுக் கோப்பு வந்தவுடன் எடுத்துப் படிக்கும். எண்கள் வரம்புக்குள் இருந்தால் காலைதோறும் அவளுக்கும் மேலாளருக்கும் பச்சைச் செய்தி அனுப்பும். ஏதேனும் ஓர் எண் மீறினால் அக்கணமே சிவப்பு. வளாகத்தின் சங்கும் ஊதும். அதன்பின் கோப்புகளை எவரும் திறந்து பார்க்கவில்லை. பத்மாவும் பார்க்கவில்லை.

"உன் ப்ரோக்ராமு நம்ம தெரு மாடு மாரிக்கா. எத்தப் போட்டாலும் கேள்வி கேக்காம முழுங்கிகினு கீது" என்று தேவா கேலி செய்வான்.

"கேள்வி கேக்கறதுக்குத்தான் நீ ஒருத்தன் கீறியே, போடா!" என்பாள் அவள்.

ஆயுத பூசையன்று கம்ப்ரசர் அறையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சாமி படத்தின் முன், தேவா வீட்டிலிருந்து கொண்டுபோன பித்தளைத் தட்டில் பொரி வைத்தார்கள். இயந்திரத்துக்கும் ஸ்பேனருக்கும் மின்பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். தேவா ஒரு படம் அனுப்பினான். சுவரில் இருந்த சென்சாரின் வட்ட முகத்திலும் தடிமனாகச் சந்தனம், நடுவில் குங்குமம். 'உன் ஆளுக்கும் பொட்டு வச்சாச்சு' என்று எழுதியிருந்தான். பத்மா சிரித்துக்கொண்டாள். மறுநாள் காலை பச்சைச் செய்தி வந்தது. அடுத்த நாளும் வந்தது.

அந்த வாரத்திலிருந்து தேவா சிவந்த கண்களுடன் வீடு திரும்பினான், சாப்பிடும்போது இருமினான். கம்ப்ரசர் அறை வாசலில் எப்போதும் படுத்துக் கிடந்த பூனை, வாயிற்கதவுப் பக்கம் இடம் மாறிவிட்டது. அடுப்பில் பால் தீய்ந்து வீடெங்கும் நாறிய ஒரு மாலையில், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தேவாவை ஜெகதாம்பாள் ஏசினாள்.

"மூக்கு இன்னா பண்ணுச்சுடா உனக்கு?"

"அந்த ரூம்ல நின்னு நின்னு அது எப்பவோ செத்துப்போச்சும்மா" என்று அவன் சிரித்தான்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. தேவா வேலைக்குப் போய்விட்டான். முந்தைய நாள் அவன் கொண்டுவந்து போட்டிருந்த பையிலிருந்து ஜெகதாம்பாள் பித்தளைத் தட்டை எடுத்தாள்.

"பத்மா, இத்தப் பாரு! புளி போட்டுத் தேச்சு, தங்கமாட்டம் குட்த்தனுப்பினேன். மயில்துத்தம் பூசினாப்ல நீலம் பூத்துக்கினு வந்து கீது!"

பத்மா தட்டை வாங்கினாள். அமோனியா பட்டால் பித்தளை நீலம் பூக்கும் என்று பாதுகாப்பு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பூசையிலிருந்து நேற்று வரை தட்டு இருந்தது சாமி படத்தின் முன். அதற்கு மேலே, அதே சுவரில், சென்சார்.

மடிக்கணினியில் அந்தச் சென்சாரின் கோப்புகளைத் திறந்தாள். பூசைக்கு முன்பு வரை எண்கள் இரண்டு, ஐந்து, மூன்று என்று ஏறி இறங்கியிருந்தன. பூசைக்குப் பின்பு மூன்று. அடுத்த கோப்பிலும் மூன்று. எந்தக் கோப்பைத் திறந்தாலும் மூன்று. சந்தனம் காய்ந்து, சென்சாரின் மூச்சை அடைத்திருந்தது. மூன்று வரம்புக்குள் அடங்கிய எண். ஆகவே அன்று காலையும் பச்சை.

தேவாவின் கைப்பேசி ஒலித்து ஒலித்து ஓய்ந்தது. வேலைக்காக உள்ளே போகும்போது அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவான். மேலாளர் நாகேந்திரனை அழைத்தாள்.

"சார், கம்ப்ரசர் ரூம்ல கசிவு இருக்கு. எல்லாரையும் உடனே வெளிய வரச் சொல்லுங்க."

"காலையில பச்சைன்னு மெசேஜ் வந்துச்சேம்மா?"

"அது தப்பு சார். சென்சார் அடைச்சிருக்கு."

"உன் ப்ரோக்ராமை நீயே நம்பலன்னா எப்படி? தீபாவளிச் சரக்கு அத்தனையும் உள்ள நிக்குது. நாளைக்கு வந்து பாத்துக்கலாம்."

வாயிற்காவலரை அழைத்து அதையே சொன்னாள். "மேனேஜர் சொல்லாம கேட்ட உட்டு நவுர முடியாதும்மா" என்றார் அவர்.

பத்மா அழைப்பைத் துண்டிக்கவில்லை. இடக்கையில் கைப்பேசியைப் பிடித்தபடியே, சென்சார் எழுதுவதைப் போல ஒரு கோப்பை எழுதினாள். மூன்று இருக்கவேண்டிய இடத்தில் நானூறு என்று இட்டுக் கோப்புறையில் சேர்த்தாள். யார் எழுதியது என்று நிரல் கேட்கவில்லை. எடுத்தது, படித்தது, சிவப்பு.

கைப்பேசியில் சங்கு அலறியது. ஓடும் காலடிகள் கேட்டன. "கம்ப்ரசர் ரூம் கதவத் தொறங்கப்பா!" என்று காவலர் கத்தினார். இரும்புக் கதவு கிறீச்சிட்டது. அடுத்த நொடியே அவர் மூச்சுத் திணறி இருமத் தொடங்கினார். சுற்றிலும் பலர் இருமினார்கள்.

"அண்ணே, தேவா வந்துட்டானா? என் தம்பி வெளிய வந்துட்டானா?"

இருமல்களுக்கிடையே தேவாவின் குரல், மிகவும் இயல்பாக, கேட்டது.

"இன்னாத்துக்கு அண்ணாத்தே எல்லாரும் மூக்கப் பொத்திகினு ஓடுறீங்க? ஒரு நாத்தமும் இல்லியே?"